நீதிபதியை இனியும் 'பிரபு' என்று அழைக்க வேண்டுமா?

'மை லார்ட்' என்று நீதிபதிகளை அழைப்பதை நாம் விட்டாக வேண்டும். இதைச் சொன்னால் சீனியர் வக்கீல்கள் சிலருக்குக் கோபம் வரும். பரவாயில்லை.

லார்ட் என்பது இங்கிலாந்துப் பிரபுக்களின் பட்டம். 1862-ல் விக்டோரியா ராணியின் சாசனப்படி சென்னை ஐகோர்ட் அமைந்தபோது அந்தப் பழக்கமும் கூடவே வந்தது. பிறகு அரசமைப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு பட்டங்களை ஒழித்தது. ராவ் பகதூரும் திவான் பகதூரும் போய்விட்டார்கள். லார்ட் மட்டும் போகவில்லை.

இத்தனைக்கும் 2006-லேயே வக்கீல்களுக்கு விதி வகுக்கும் அமைப்பான இந்திய பார் கவுன்சில் விதி வகுத்துவிட்டது. ஐகோர்ட்டில் 'யுவர் ஆனர்' அல்லது 'மாண்புமிகு நீதிமன்றம்'. கீழ்கோர்ட்டில் 'சார்', அல்லது அந்தந்த மொழியில் அதற்கு ஈடான சொல். ஆனால் ஜாமீன் மனுவோடு நிற்கும் ஜூனியர் எந்தத் தைரியத்தில் அதைச் சொல்லிப் பார்ப்பார்? நீதிபதி முகம் சுளித்தால் உள்ளே கிடப்பது கட்சிக்காரர் அல்லவா? அதனால்தான் வாய்தா கேட்பதற்குள் நாலு 'மிலார்ட்' வந்து விழுகிறது.

குடும்ப ஓய்வூதியத்துக்காக ஐகோர்ட்டில் ரிட் மனு போட்ட ஓர் அம்மா. ஹாலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரோரம், கும்பிட்ட கையை இறக்காமல் நின்றார். உத்தரவு சாதகமாக வந்தது. வராந்தாவில், "ஐயா மனசு வெச்சுட்டாருப்பா" என்று கண்கலங்கினார். "இல்லம்மா, அது உங்களுக்குச் சேர வேண்டிய பணம்" என்றேன். அவருக்கு ஏறவில்லை. எப்படி ஏறும்? அவருடைய வக்கீலே குனிந்து குனிந்து இரந்ததைத்தானே அவ்வளவு நேரம் பார்த்தார்.

மரியாதை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நீதிபதி வந்தால் எழுந்து நிற்கிறோம், வணங்குகிறோம், இந்தச் சென்னை வெயிலிலும் கவுன் மாட்டிக்கொண்டு வாதாடுகிறோம். நீதிமன்றத்தின் மாண்புக்கு இது போதாதா?

சென்னை ஐகோர்ட் நீதிபதியாக இருந்த கே. சந்துரு 2009-ல் தன் கோர்ட்டில் 'மை லார்ட்' என்று அழைக்க வேண்டாம் என்றார். வெள்ளித்தடி ஏந்தி முன்னே நடக்கும் ஊழியரையும் வேண்டாம் என்றார். அவர் எழுதிய தீர்ப்புகளின் கனம் அதனால் ஒரு துளியும் குறையவில்லை.

ஜூனியர்கள் மாறட்டும் என்று காத்திருந்தால் இது நடக்காது. சொல்ல வேண்டியவர் பெஞ்சில் இருக்கும் நீதிபதிதான். பதவியேற்றதும் முதல் நாளே ஹாலில் எல்லார் காதிலும் விழும்படி சொல்லட்டும்: 'சார்', 'மேடம்' போதும். அன்றாட வழக்குப் பட்டியலான காஸ் லிஸ்டிலும் அதை ஒரு வரியாகப் போடட்டும்.