சவப்பெட்டிக்கு முன்னால் எபிரெயர் ஆறாம் அதிகாரம்

அந்த அடக்க ஆராதனை வீடியோவை நான் இங்கே பகிரப்போவதில்லை. பார்த்தவர்கள் பார்த்துவிட்டீர்கள். பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம். மகனைப் பறிகொடுத்த தாய் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். போதகர் வேதத்தில் எபிரெயர் 6-ஐத் திறக்கிறார். விழுந்துபோனவர்களை மறுபடியும் மனந்திரும்பச் செய்வது கூடாத காரியம் என்று எச்சரிக்கிற அதிகாரம் அது. "ஞானஸ்நானம் எடுத்தவர்தான், பாடகர் குழுவில் இருந்தவர்தான், ஆனாலும் பின்வாங்கிப்போனார், பெற்ற இரட்சிப்பை இழந்துபோனார்" என்கிறார். அந்த அம்மா தலைகுனிகிறார். இதை இன்னொரு முறை யாரும் பார்க்க வேண்டியதில்லை.

என் கோபம் அந்தப் போதகர்மேல் மட்டும் என்று நினைக்காதீர்கள். வீடியோவுக்குக் கீழே நடந்த சண்டைதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு தரப்பு, "பாஸ்டர் சத்தியத்தைத்தான் சொன்னார், இரட்சிப்பை இழக்க முடியும்" என்றது. எதிர்த்தரப்பு வரிந்துகட்டிக்கொண்டு வந்தது. எதற்காக? "இல்லை, இரட்சிப்பை இழக்கவே முடியாது. அவர் அதைப் பெறவே இல்லை" என்று சொல்வதற்காக. சபையைவிட்டுப் பிரிந்துபோனவர்களைப் பற்றிய 1 யோவான் 2:19-ஐ எடுத்துப் போட்டார்கள். "அவர்கள் நம்முடையவர்களாயிருக்கவில்லை."

பெற்று இழந்தான் என்கிறார் ஒருவர். பெறவே இல்லை என்கிறார் மற்றவர். அந்தத் தாயின் இடத்தில் உட்கார்ந்து இரண்டையும் கேட்டுப் பாருங்கள். ஒரே தண்டனையை இரண்டு நீதிபதிகள் வெவ்வேறு சட்டப் பிரிவுகளில் வாசிக்கிறார்கள், அவ்வளவுதான். உன் மகன் கர்த்தரிடம் இல்லை என்பதில் இரு தரப்புக்கும் ஒரு சந்தேகமும் இல்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். எச்சரிப்பு வசனங்கள் உயிரோடு இருக்கிறவர்களுக்கு எழுதப்பட்டவை. ஓடிக்கொண்டிருக்கிறவன் நின்றுவிடக் கூடாது என்பதற்காக எழுதப்பட்டவை. ஓட்டம் முடிந்துபோனவனைப் பார்த்து, இவன் தோற்றான் என்று அறிவிக்க அவை நம் கையில் கொடுக்கப்படவில்லை. எபிரெயர் நிருபத்தை எழுதியவர் அந்தப் பயங்கரமான வார்த்தைகளை எழுதிவிட்டு, ஒன்பதாம் வசனத்தில் என்ன சொல்கிறார்? "பிரியமானவர்களே, நாங்கள் இப்படிச் சொன்னாலும், நன்மையானவைகளும் இரட்சிப்புக்குரியவைகளுமான காரியங்கள் உங்களிடத்தில் உண்டாயிருக்கிறதென்று நம்பியிருக்கிறோம்." எச்சரித்த வாயாலேயே நம்பிக்கையும் சொல்கிறார். நம்மவர்கள் ஆறாம் வசனத்தோடு வேதத்தை மூடிவிடுகிறார்கள்.

"வேதம் இதில் தெளிவாக இருக்கிறது, குழப்புகிறவர் நீங்கள்தான்" என்று ஒரு பிரதர் எழுதியிருந்தார். அப்படியா பிரதர்? சபைகளே இதில் ஒன்றுபடவில்லை. 1530-இல் லூத்தரன்கள் தந்த விசுவாச அறிக்கையான ஆக்ஸ்பர்க் அறிக்கை, நீதிமானாக்கப்பட்டவர் பரிசுத்த ஆவியை இழக்கவே முடியாது என்று சொன்னவர்களைக் கண்டித்தது. 1547-இல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம், சாவான பாவத்தால், அதாவது கொடிய பாவத்தால், கிருபை இழக்கப்படும் என்றது. 1618-இல் கூடி 1619-இல் முடிந்த, சீர்திருத்த சபைகளின் டார்ட் சங்கம், தேவன் தெரிந்துகொண்டவர்கள் கடைசிவரை காக்கப்படுவார்கள், அறவே விழுந்துபோக மாட்டார்கள் என்று முடிவு சொன்னது. அந்தச் சங்கம் யாரை எதிர்த்துக் கூடியதோ, அந்த டச்சு இறையியலாளர் அர்மீனியஸின் சீடர்கள் 1610-இல் ஐந்து கட்டுரைகளை முன்வைத்திருந்தார்கள். ஐந்தாவது கட்டுரை இதைப் பற்றித்தான். ஒரு விசுவாசி விழுந்துபோக முடியுமா என்பதை வேதத்திலிருந்து இன்னும் கவனமாக ஆராய வேண்டும் என்று அதில் எழுதினார்கள். இன்று அர்மீனியன் என்று சொல்லிக்கொண்டு சவப்பெட்டிக்கு முன்னால் தீர்ப்புச் சொல்கிறவர்கள் அந்த ஒரு வரியையாவது வாசித்திருக்கலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பிரசங்கிகள் ஜான் வெஸ்லியும் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டும் இதே கேள்வியில் மோதியவர்கள். விசுவாசி விழுந்து அழிந்துபோக முடியும் என்றார் வெஸ்லி. முடியாது என்றார் ஒயிட்ஃபீல்டு. மோதல் பகிரங்கமாக நடந்தது, நட்பும் அடிபட்டது. 1770-இல் ஒயிட்ஃபீல்டு இறந்தபோது லண்டனில் நினைவுச் செய்தி கொடுத்தவர் யார் தெரியுமா? வெஸ்லிதான். அந்த மேடையில் அவர் பழைய வாதத்தைத் தொடரவில்லை. இப்படிப்பட்ட காரியங்களில் நாமும் சிந்திப்போம், மற்றவரையும் சிந்திக்க விடுவோம் என்றுதான் பேசினார். முப்பது வருடத்துக் கருத்து வேறுபாட்டை ஒரு மனிதரால் அடக்க ஆராதனைக்கு வெளியே வைக்க முடிந்திருக்கிறது. நம்மால் முடியவில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இரட்சிப்பை இழக்கலாம் என்று தினமும் கேட்டு வளர்ந்தவள் நான். சின்ன வயதில் பள்ளி விட்டு வரும்போது வீட்டில் சத்தம் இல்லையென்றால், இயேசு வந்து தம்முடையவர்களைத் திடீரென்று எடுத்துக்கொள்ளும் இரகசிய வருகை நடந்துவிட்டது, அம்மாவும் அண்ணனும் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள், நான் கைவிடப்பட்டேன் என்று நடுங்குவேன். ஒவ்வொரு முகாமிலும் "இன்று இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கை உயர்த்துங்கள்" என்றால் என் கை உயரும். போன முகாமில் உயர்த்தியது செல்லுபடியாகுமோ ஆகாதோ என்ற பயம். "அவைகள் ஒருக்காலும் கெட்டுப்போவதில்லை, ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை" என்ற யோவான் 10:28 அப்போதும் என் வேதாகமத்தில் இருந்தது. அதை எனக்கு வாசித்துக் காட்ட ஒரு பெரியவருக்கும் தோன்றவில்லை.

உடனே மறுதரப்பு சந்தோஷப்பட வேண்டாம். ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பர், இரட்சிப்பை இழக்க முடியாது என்ற உங்கள் உபதேசத்தை நம்பியவர்தான். அவர் எழுதிய ஞானப்பாட்டுகளை இன்றும் சபைகள் பாடுகின்றன. 1773-இல் ஒரு கனவுக்குப் பிறகு, தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்று அவர் முடிவுகட்டிக்கொண்டார். 1800-இல் சாகும்வரை அந்த இருள் முழுதாக நீங்கவில்லை. பரிசுத்தவான்கள் கடைசிவரை காக்கப்படுவார்கள் என்று நம்பினார், தன்னைத் தவிர. உங்கள் சூத்திரத்தின்படி அவர் யார்? பெறாதவரா? சொல்லத் துணிவு உண்டா? அவருடைய நண்பரான போதகர் ஜான் நியூட்டன் அப்படிச் சொல்லவில்லை.

"அப்படியானால் இஷ்டம்போல் பாவம் செய்யலாமா" என்று கேட்பவர்கள் ரோமர் 6-ஐ வாசியுங்கள். அதற்கு மேல் இந்தக் கேள்விக்கு நேரம் செலவழிக்க எனக்கு விருப்பமில்லை.

"பவுல் பெயர் சொல்லியே கண்டிக்கவில்லையா" என்ற கேள்வி அப்படியல்ல, அது நியாயமானது. சொன்னார். விசுவாசத்தை விட்ட இமெனேயுவையும் அலெக்சந்தரையும் சாத்தானிடத்தில் ஒப்புக்கொடுத்தேன் என்கிறார். எதற்கு? அவர்கள் தூஷியாதபடி கற்றுக்கொள்வதற்கு. உயிரோடு இருந்தவர்கள், திரும்பி வரக்கூடியவர்கள். தன் உடன் ஊழியனாயிருந்த தேமாவைப் பற்றி, இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்து என்னைவிட்டுப் பிரிந்துபோனான் என்கிறார். நரகத்துக்குப் போனான் என்று பவுல் எழுதவில்லை. கேட்டின் மகன் என்று யூதாசைச் சொன்னவர் கர்த்தர். அவருக்கு அந்த உரிமை இருந்தது. உங்களுக்கு எங்கிருந்து வந்தது?

உண்மையைச் சொல்வதுதான் அன்பு என்று இன்னொருவர் எழுதினார். எந்த உண்மை? அந்த மகன் கடைசி வாரத்தில் தேவனோடு என்ன பேசினான் என்று உங்களுக்குத் தெரியுமா? உங்களுக்குத் தெரிந்தது அவன் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை என்பது மட்டும்தான். வராத அந்த வருடங்களில் அவன் வீட்டுக் கதவைத் தட்டினீர்களா? சத்தியத்தைவிட்டு விலகினவனைத் திருப்புங்கள் என்கிறார் யாக்கோபு. அதைச் செய்யாதவர்கள் அடக்கத்தன்று வசனத்தோடு வருகிறார்கள்.

என் அண்ணனும் சபைக்குப் போவதில்லை. சபையின் வரவுசெலவுக் கணக்கில் ஒரு கேள்வி கேட்டதற்காக ஒதுக்கிவைத்தார்கள். அதன்பின் அவரைத் தேடி யாரும் வரவில்லை. பின்வாங்கிப்போனவர் என்ற பெயர் மட்டும் சீக்கிரம் வந்து சேர்ந்தது. அந்த வீடியோ அவருக்கும் போயிருக்கிறது. போன் செய்தார். "நான் செத்தால் இவர்களில் ஒருத்தரையும் பேச விடாதே. நீயே ஜெபம் பண்ணி அனுப்பிவிடு" என்றார். ஜெபம் பண்ணு என்றார், கவனியுங்கள். இந்த மனிதரையா இழந்தவர் பட்டியலில் எழுதுகிறீர்கள்? இல்லை, பெறாதவர் பட்டியலிலா? இரண்டில் எதில் எழுதினாலும் நான் ஏற்கமாட்டேன். "நாம் உண்மையில்லாதவர்களாயிருந்தும், அவர் உண்மையுள்ளவராயிருக்கிறார்" என்று எழுதியிருக்கிறது. என் அண்ணனுக்காக அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் தாயும் தன் மகனுக்காக அதைப் பிடித்துக்கொள்ளட்டும். அதை அவர் கையிலிருந்து பிடுங்க யாரும் போக வேண்டாம்.

கமெண்டில் வெறும் வசன எண்களைப் போடுகிறவர்களுக்குப் பதில் சொல்லமாட்டேன். அந்தக் குடும்பத்தின் பெயரை எழுதினால் நீக்கிவிடுவேன். வாதம் செய்துதான் ஆக வேண்டும் என்றால் எபிரெயர் 6-ஐக் கடைசி வசனம்வரை வாசித்துவிட்டு வாருங்கள், பேசலாம்.