இதுல அட்டகாசம் எங்கங்க இருக்கு?

"ஏற்காட்டில் காட்டெருமை அட்டகாசம், மக்கள் பீதி"ன்னு தலைப்பு போட்டிருக்கீங்க, உள்ள படிச்சா அது காபி தோட்டத்துல கொஞ்ச நேரம் மேய்ஞ்சிட்டு தானா போயிருச்சுன்னு இருக்கு. முதல்ல அது எருமையே இல்லங்க, காட்டுமாடு. முழங்காலுக்கு கீழ வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும் பாருங்க, அதேதான். எனக்கு ஏற்காட்டுல நாகலூர் பக்கம், சின்ன வயசுல இருந்து பாக்கறேன். பயமே இல்லன்னு சொல்லல, ஆயிரம் கிலோ வரைக்கும் வளர்ற ஜீவன், விடிகாலைல பழம் பறிக்க போற பொம்பளைங்களுக்கு எதிர்ல வந்து நின்னா ஈரக்குலையே நடுங்கும். ஆனா இப்படி நியூஸ் வந்த மறுநாளே சேலத்துல இருந்து பசங்க இருபது கொண்டை ஊசி வளைவும் பைக்ல ஏறி வந்து செல்ஃபி எடுக்க கிட்ட போறானுங்க, அது மிரண்டு திரும்புனா அதுக்கும் நீங்கதான் "வெறித்தாக்குதல்"னு போடுவீங்க. 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல புலிக்கு இருக்கற அதே முதல் அட்டவணைல இதுவும் இருக்கு, அத பத்தி ஒரு வரி உண்டா? காட்டுல உண்ணிச்செடிங்கற களை மண்டி புல்லு அத்துப்போனது, எஸ்டேட்ட சுத்தி கம்பி வேலி, ரிசார்ட்டு, இதனாலதான் அது தோட்டத்துக்குள்ள வருதுன்னு எழுதுனா யாரு கிளிக் பண்ணுவா. போட்டோவையாவது மாத்துங்க சார், பின்னாடி மலை முழுக்க தேயிலை தெரியுது, இது எங்க ஊரே இல்ல.