குயிலும் வசந்தா ராகமும்: பினாங்கிலிருந்து

இயற்கையின் ஒலிகளில் மெட்டுத் தேடுவது பற்றிய ஒரு கட்டுரை, இளவேனிலில் வெளியே போய்த் தேடுங்கள் என்கிறது. பினாங்கில் இருக்கும் நமக்கு இளவேனில் கிடையாது. ஆனால் பிப்ரவரி, மார்ச்சில் வறண்ட நாட்களுக்குப் பிறகு தெக்கோமா மரங்கள் இலை உதிர்த்து இளஞ்சிவப்பாகப் பூக்கின்றன, அது போதும்.

தண்ணீர்மலைத் தாவரவியல் பூங்காவுக்குக் காலை 7 மணிக்கே போய்விடுங்கள். இங்கே சூரியன் 7.15-க்கு மேல்தான் எழுகிறது. வெயில் ஏறினால் சில்வண்டு இரைச்சல் எல்லாவற்றையும் மூடிவிடும். குயில் கூவலைக் கைப்பேசியில் பதியும்போது மைக் துளைமேல் மெல்லிய பஞ்சு வையுங்கள், காற்றடி குறையும். அருவிப் பக்கம் பதியாதீர்கள்.

ஆண்குயில் ஒவ்வொரு கூவலுக்கும் சுருதியை ஏற்றிக்கொண்டே போகும். அதை ஆர்மோனியக் கட்டையில் தேடுவதுதான் பலரும் செய்யும் தவறு. அது வழுக்கிச் செல்லும் ஒலி, கட்டைக்குள் அடங்காது. குரலிலோ வயலினிலோ பிடியுங்கள்.

வசந்தா ராகத்தில் முயல்பவர்களுக்கு ஒன்று: ஸ ம க ம த நி ஸ் என்று ஏறும், பஞ்சமம் (ப) இல்லை. தைவதம் (த) சதுஸ்ருதி, அதாவது சுத்த தைவதத்தைவிட ஒரு படி உயர்ந்தது. அது கொஞ்சம் இறங்கினாலும் லலிதா என்ற ராகத்தின் சாயல் வந்துவிடும். தம்பூராவை மத்திமச் சுருதியில், அதாவது பஞ்சமத் தந்தியை மத்திமத்துக்கு (ம) மாற்றி, வைத்துப் பழகினால் தைவதம் நிலைக்கும், ஏனென்றால் மத்திமத்தை ஸ என்று கொண்டால் அது அந்தர காந்தாரமாக (வசந்தாவில் வரும் அதே வகைக் க) கேட்கும். இதை அந்தக் கட்டுரையிலும் சேர்த்தால் புதிதாகப் பாடுபவர்களுக்கு மிகவும் உதவும்.