வெறும் வயிற்றோடு மூன்று மணி நேரம் ஆட வராதீர்கள்

சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனைத் திருமண மண்டபத்தில் அடுத்த மாத இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணி முதல் 9 மணி வரை மூன்று மணி நேர ஜூம்பா, அதாவது பாட்டுக்கு ஆடும் உடற்பயிற்சி வகுப்பு நடக்கவிருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்த இரண்டே நாளில் நாற்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள். நானும் கொடுத்திருக்கிறேன். கொடுத்த கையோடு இதை எழுதுவதற்குக் காரணம், அந்தச் செய்தியில் கட்டணம் இருக்கிறது, டி-ஷர்ட்டின் நிறம் இருக்கிறது, எப்படித் தயாராக வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை.

சென்ற ஆண்டு இதேபோன்ற ஒரு வகுப்புக்கு எந்தத் தயாரிப்பும் இல்லாமல் போனேன். வாரத்தில் மூன்று நாள் ஒரு மணி நேரம் ஆடுகிறவள்தானே, மூன்று மணி நேரமும் ஆடிவிடலாம் என்பது என் நினைப்பு. அன்று விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து வைத்து, வீட்டில் எல்லோருக்கும் இட்லி ஊற்றி, மதியத்துக்குக் குழம்பும் கூட்டிவிட்டு, ஒரு டம்ளர் காப்பியை மட்டும் வாயில் ஊற்றிக்கொண்டு ஓடினேன். முதல் ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. நூறாவது நிமிடத்தை ஒட்டி விரல் நுனிகள் சில்லிட்டன, காது அடைத்தது, பாட்டு எங்கோ தூரத்தில் ஒலிப்பது போலிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த ராயபுரத்து அக்கா ஒருவர், உப்பும் சர்க்கரையும் போட்டுத் தாம் கொண்டுவந்திருந்த எலுமிச்சைச் சாற்றைக் குடிக்கக் கொடுத்துவிட்டு, "வெறும் வயித்தோட வந்தியாம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை இந்த நாற்பது பேரிடமும் இப்போதே கேட்டுவிட விரும்புகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. மூன்று மணி நேரம் என்பது 180 நிமிடம். ஒரு வாரத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட குறைந்தபட்ச அளவைவிட அதிகமானதை ஒரே காலையில், அதுவும் மிதமான வேகத்தைவிடக் கூடுதலாக, உடம்பிடம் கேட்கிறோம். தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து, விடாமல் வேகமாக ஆடினால் ஒன்றரை மணி நேரத்தை ஒட்டிக் குறையத் தொடங்கும். இரவு முழுவதும் சாப்பிடாமல் இருந்ததில் கல்லீரலின் கையிருப்பு ஏற்கெனவே கரைந்திருக்கும். ஒரு மணி நேர வகுப்பில் இந்தக் குறை வெளியே தெரிவதில்லை, அதனால்தான் நாம் ஏமாந்துபோகிறோம்.

ஆகவே தயாரிப்பு நான்கு வாரத்துக்கு முன்பே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வழக்கமான மூன்று வகுப்புகளில் ஒன்றை மட்டும் நீட்டுகிறேன்: முதல் வாரம் 75 நிமிடம், அடுத்த வாரம் 95, மூன்றாவது வாரம் 120. வகுப்பு முடிந்ததும் மீதி நேரத்தை நடந்து தீர்க்கலாம் என்றால், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் எங்கள் பக்கத்துச் சாலைகளில் அந்தப் புகையில் நடக்க மனம் வருவதில்லை. ஆகையால் மொட்டை மாடியில் கைப்பேசியில் பாட்டுப் போட்டு ஆடுகிறேன். கடைசி வாரம் இரண்டு குறுகிய வகுப்புகள் மட்டும், முந்தைய இரண்டு நாட்கள் ஓய்வு. அந்தக் கடைசி வாரத்தில்தான் பயத்தில் பலர் கூடுதலாக ஆடித் தசையைப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறார்கள். வேண்டாம்.

இனி சாப்பாடு. நம் வீடுகளில் பெண் வெறும் வயிற்றோடு வருவதற்குச் சோம்பலோ அறியாமையோ காரணமில்லை. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிட்டே பழகியவள், காலை 6 மணி வகுப்புக்கு வரும்போது அந்தக் கடைசி முறை வந்தே சேர்வதில்லை. உடம்பு இளைக்க வேண்டும் என்பதற்காகப் பட்டினியாக வருவதும் உண்டு. மூன்று மணி நேர வகுப்பு இளைப்பதற்கான நாளில்லை, தோழிகளே. முந்தின இரவு சோறோ இட்லியோ நிறைவாகச் சாப்பிடுங்கள். சனிக்கிழமை என்பதால் பிரியாணி வரும், அதை ஞாயிறு மதியத்துக்குத் தள்ளிவையுங்கள், எண்ணெயும் மசாலாவும் குதிக்கும்போது நெஞ்சுக்கு ஏறி வரும். காலையில் ஐந்து மணிக்குள் இரண்டு இட்லி, அல்லது ஒரு வாழைப்பழத்துடன் கேழ்வரகுக் கஞ்சி. நடுவில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு வாழைப்பழமோ நாலைந்து பேரீச்சம்பழமோ உள்ளே போக வேண்டும். அன்றைக்கு இட்லி ஊற்றும் பொறுப்பை என் கணவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். இரண்டு ஞாயிறுகளாக அதற்குப் பழகியும் வருகிறார். இதையும் நான் தயாரிப்பில்தான் சேர்ப்பேன்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் விடியற்காலையில் பல நாட்கள் 80 சதவீதத்தைத் தாண்டும். வியர்வை ஆவியாகிப் போனால்தான் உடம்பு குளிரும். இங்கே அது ஆவியாகாமல் சொட்டுகிறது, உடம்பு மேலும் மேலும் வியர்க்கிறது. சென்ற ஞாயிறு மாடியில் 80 நிமிடம் ஆடுவதற்கு முன் எடை பார்த்தேன்: 68 கிலோ. ஆடும்போது அரை லிட்டர் குடித்தேன். முடிந்ததும் உடம்பைத் துடைத்து, ஈரத்துணி மாற்றிப் பார்த்தால் 67.2. குறைந்த 0.8 கிலோவோடு குடித்த அரை லிட்டரையும் சேர்த்தால், வியர்வையாகப் போனது 1.3 லிட்டர். ஒவ்வொருவரும் ஒருமுறை இப்படி எடை பார்த்தால் தமக்கு எவ்வளவு தேவை என்பது தெரிந்துவிடும். போனதில் பெரும்பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து ஈடுகட்டினால் போதும். வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் அதுவே ஆபத்தாகிவிடும். உப்புப் போட்ட நீர்மோர் நல்லது, ஓஆர்எஸ் கரைசலும் நல்லது. பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் அதைக் கரைக்க வேண்டும். உப்பைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருப்பவர்கள் அவரைக் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

இதெல்லாம் பல பெண்களுக்குத் தெரியும், தெரிந்தும் குடிப்பதில்லை. எங்கள் வகுப்பில் உள்ள ஒரு தங்கை சொன்னாள்: "தண்ணி குடிச்சா நடுவுல பாத்ரூம் போணும்க்கா. போன வாட்டி அங்க கதவே சாத்தல." உண்மைதான். சென்ற ஆண்டு போன மண்டபத்தில் நாற்பது பெண்களுக்கு ஒரே கழிவறை, அதன் தாழ்ப்பாளும் உடைந்திருந்தது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இன்னொன்றும் உண்டு, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: பிள்ளை பெற்ற பலருக்குக் குதிக்கும்போது சிறுநீர் கசிகிறது. அதற்குப் பயந்து முந்தின இரவிலிருந்தே தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். இது வெட்கப்பட வேண்டிய குறையே இல்லை. இடுப்புக்கூட்டின் அடித்தளத் தசைகள் பிரசவத்தில் தளர்ந்திருக்கின்றன. சிறுநீரை அடக்குவது போல அவற்றை இறுக்கி, சில நொடி நிறுத்தித் தளர்த்தும் பயிற்சியை நாள்தோறும் செய்தால் பலருக்கு மெல்ல மெல்லச் சரியாகிறது. நான்கு வாரத்தில் முழுக் குணம் கிடைக்காது, ஆனால் இன்றே தொடங்கலாம். அன்றைக்கு நாப்கின் வைத்துக்கொள்ளுங்கள், குதிக்கும் இடத்தில் காலை மாற்றி மாற்றித் தட்டி ஆடுங்கள், தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள்.

காலணியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓடுவதற்கான ஷூ முன்னோக்கிப் போவதற்கென்று செய்தது. அது தரையை இறுகப் பிடிப்பதால் உடம்பு திரும்பினாலும் பாதம் திரும்பாது, அந்த முறுக்கு முழங்காலில் போய் இறங்கும். பக்கவாட்டில் ஆட வசதியான, ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூ போதும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் மாத்திரையோ எடுப்பவர்கள், அந்த நாளுக்கு அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள், தாமாக மாற்ற வேண்டாம். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் இதயத் துடிப்பை ஏறவிடாமல் வைத்திருக்கும், அவற்றை எடுப்பவர்கள் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பக் கூடாது. ஆடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் வேகம் அதிகம். நெஞ்சு அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். அடுத்த நாள் சிறுநீர் கோலா நிறத்தில் போனால் மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். தசை அளவுக்கு மீறிச் சிதைந்தால் அப்படிப் போகும், சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

நடத்துகிறவர்களுக்கும் இதில் பாதிப் பொறுப்பு உண்டு. குதித்து ஆடும் குத்துப் பாட்டுகள் எல்லாம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட வேண்டும். மூன்றாவது மணியில் கால் தளர்ந்திருக்கும்போது வழவழப்பான டைல்ஸ் தரையில் குதிக்க வைப்பது கணுக்காலைப் பணயம் வைப்பது போல. முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீருக்கு நிறுத்துங்கள், கடைசிப் பாட்டு முடிந்ததும் அப்படியே நிற்கவிடாமல் பத்து நிமிடம் மெதுவாக நடக்கவிட்டு ஆற்றுங்கள். இதை மாஸ்டரிடம் நேரில் சொன்னேன். பாட்டு வரிசையை மாற்றுவதாக ஒப்புக்கொண்டார். கழிவறை தம் கையில் இல்லை என்றார்.

எனவே வரும் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு நாங்கள் நான்கு பேர் மண்டபத்துக்குப் போகிறோம். மின்விசிறிகள் எல்லாம் ஓடுகின்றனவா, குடிநீர் கேன் எந்த இடத்தில் வைப்பார்கள் என்று பார்த்துவிட்டு, கழிவறைத் தாழ்ப்பாளையும் போட்டுப் பார்ப்போம். உடைந்திருந்தால் மேலாளரிடம் கேட்டு அங்கேயே மாட்டிவிட, புதிய தாழ்ப்பாள் ஒன்றும் ஸ்குரூ டிரைவரும் என் பையில் இருக்கும். பெயர் கொடுத்தவர்களில் நேரம் உள்ளவர்கள் உடன் வாருங்கள்.