என் ஜூலியாவைப் பற்றி ஊரே பேசியாச்சு, நானும் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன்

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பழைய கார்க் கூட்டத்தில் ஒருவர், என் பழைய இத்தாலியக் கார் ஆல்ஃபா ரோமியோ ஜூலியாவின் சேறு படிந்த மட்கார்டைக் கிட்டத்தில் காட்டி, "இதை தினமும் ஆபீசுக்கு ஓட்டுகிறவரை என்ன செய்யலாம்?" என்று கேட்டாரே, அதுதான். வந்த யோசனைகளிலேயே சாதுவானது, காரை என்னிடமிருந்து பிடுங்கிவிடலாம் என்பது. பிடுங்குங்கள். அப்படியே அந்த செகண்ட் கியரையும் சமாதானப்படுத்துங்கள். எண்ணெய் சூடாகும்வரை அவசரப்பட்டால் கத்தும். அதன் குணம் தினமும் ஓட்டுகிறவனுக்குத்தான் தெரியும்.

இது மன்னர்கள் ஊர்வலம் போன வண்டி இல்லை ஐயா. 1962-இல் வந்த நான்கு கதவு குடும்பக் கார். ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். இத்தாலியப் போலீஸ் இதை வைத்துத் திருடர்களைத் துரத்தியது. பார்க்கப் பெட்டி மாதிரி இருந்தாலும் காற்றுத்தடை எண் 0.34 என்று சொல்வார்கள், குறையக் குறைய நல்லது. 1570 சிசி இன்ஜின், வால்வுகளைத் திறந்து மூட இரட்டை கேம்ஷாஃப்ட், ஐந்து கியர். ஐந்தாவது கியர் எதற்கு, போர்வைக்குள் நிற்கவா?

ஓடினால் கெட்டுவிடும் என்கிறார்கள். நின்றால்தான் கெடும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், பிரேக் பேடை அழுத்துகிற காலிப்பருக்குள் பிஸ்டன் துருப்பிடித்து இறுகும். கார்புரேட்டரில் நின்ற பெட்ரோல் பிசினாகி, பெட்ரோல் வருகிற சின்னத் துளையான ஜெட்டை அடைக்கும். ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும். பீரோவில் வைத்தே காத்த பட்டுப்புடவை மடிப்பிலேயே இற்றுப்போகுமே, அதே கதை. எனக்கு இந்தக் காரை விற்றவர் "ஒரு கிலோமீட்டர்கூட வீணாக்கியதில்லை" என்று பெருமையாகச் சொன்னார். நான்கு சக்கரத்தின் பிரேக்கும் பிடித்துக்கொண்டு நின்றது. பெட்ரோல் டேங்கின் உள்ளே விரல் விட்டால் செம்மண் வந்தது. வெளியே பெயிண்ட் மட்டும் கண்ணாடி. அவரை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

மழையில் எடுக்கலாமா என்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான், ஒத்துக்கொள்கிறேன். ஜூலியாவின் கதவடிப் பகுதியும் ஸ்டெப்னி குழியும் துருவுக்குப் பேர்போனவை. அதனால்தான் அடிப்பகுதியைக் கழுவி, இடுக்குகளில் மெழுகு அடிக்கிறேன். படுத்துக்கொண்டு செய்கிற வேலை அது, கேமராவுக்கு அழகாக இருக்காது.

பாதுகாப்பு? ஏர்பேக் இல்லை, பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏபிஎஸ் இல்லை, தெரியும். இடைவெளி விட்டு ஓட்டுகிறேன். புகை? ஆமாம், வருகிறது. ஐந்து வருடத்துக்கு ஒரு புதுக் கார் மாற்றுகிறவர்கள் அதைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். சரி, அடுத்தது.

"உதிரிபாகத்தை எல்லாம் நீங்களே தீர்த்துவிடுகிறீர்கள்" என்று ஒருவர். தலைகீழாக யோசித்துப் பாருங்கள் சார். பிரேக் பேட் தேய்க்க ஆள் இருப்பதால்தான் இன்றும் பிரேக் பேட் செய்கிறார்கள். எல்லோரும் உங்களைப் போல மூடி வைத்தால், எவன் கடை நடத்துவான்? நான் தேய்ப்பதால்தான் உங்கள் கண்காட்சிக் காருக்கும் சாமான் கிடைக்கிறது. நன்றி வேண்டாம், வசவையாவது குறைக்கலாம்.

"பணத்திமிர்" என்று எழுதியவருக்குப் பதில் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். வீட்டில் இருப்பது இந்த ஒரே கார். இதற்குப் பளபளப்பான அண்ணன் ஒருவன் ஷெட்டில் நிற்கவில்லை. இரண்டு வெபர் கார்புரேட்டரையும் காது வைத்துக் கேட்டு ஒத்திசைக்க நானே கற்றுக்கொண்டேன், ஆள் வைத்துச் செய்யக் கட்டுப்படியாகாது என்பதால். திமிர் என்றால் இதுதான் திமிர்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. தெரியாதவர்கள் பேசுவது மழை மாதிரி, போகும். அந்த வீடியோவுக்கு லைக் போட்டவர்களில் என் நண்பர் ஒருவரும் இருக்கிறார். அவர் அம்மாவுக்கு நடுராத்திரியில் மூச்சு முட்டியபோது, அவருடைய புதுக் கார் திரையில் ஏதோ எச்சரிக்கை காட்டிவிட்டு அசையாமல் நின்றது. எனக்குத்தான் போன் வந்தது. சோக்கை இழுத்தேன், கிளம்பியது. அம்மாவைப் பின் சீட்டில் சாய்த்து, ஆஸ்பத்திரி வாசல்வரை கொண்டுபோனது இந்த "அருங்காட்சியகப் பொருள்"தான். தினமும் ஓடியதால் ஓடியது. அன்றைக்கு யாரும் மட்கார்டில் சேறு இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

இதைப் படிப்பார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். லைக்கை இன்று காலை எடுத்துவிட்டார் போலிருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது.