அஞ்சறைப் பெட்டியே சொல்லிவிட்டதே

நேற்றைய சீரியலில் ஓரகத்திகள் இருவரும் அடுப்படியில் நிற்கிறார்கள். இளையவள் ஒன்றும் பேசாமல் அஞ்சறைப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். மூத்தவள் கையில் கரண்டி அப்படியே நிற்கிறது. என்ன அருமையான காட்சி! அங்கேயே விட்டிருக்கலாம். உடனே இடிச் சத்தம், மூத்தவள் முகம் மூன்று தடவை திரும்புகிறது, அப்புறம் இளையவளின் மனக்குரல்: "இனி இந்த வீடு என் கையில்." அதைத்தான் பார்த்துவிட்டோமே!

சென்னையின் சாலிகிராமம், வளசரவாக்கம் ஷூட்டிங் வீடுகளில் தினசரி ஒளிபரப்புக்காக ஓடும் ஓட்டம் தெரியாமல் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணின் கண்ணை நம்பக் கூடாதா? இடியும் மனக்குரலும், திரையைப் பார்க்காமல் காய் நறுக்கிக்கொண்டே கேட்பவர்களுக்காக என்கிறார்கள். என் அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.