மாதவிடாய்ப் பிரச்சினைக்கு டாக்டரிடம் போனால் போலீஸ் வருமா?

'18 வயது ஆகாத பெண் வெள்ளைப்படுதல், மாதவிடாய் என்று அரசு மருத்துவமனைக்குப் போனாலே போக்சோவில் (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) கேஸ் போட்டுவிடுவார்கள்' என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. இதை நம்பி எத்தனை பிள்ளைகள் வலியையும் அரிப்பையும் மாதக்கணக்கில் பொறுத்துக்கொண்டு இருப்பார்களோ என்று நினைத்தாலே மனசு பதறுகிறது.

போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலோ நடக்கும் என்ற அச்சம் இருந்தாலோதான் போலீசுக்குத் தகவல் சொல்லச் சொல்கிறது. மாதவிடாய் தள்ளிப்போவதும் வெள்ளைப்படுதலும் சந்தேகம் கேட்பதும் குற்றம் இல்லையே! 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு இதே மாதிரி விஷயங்களைப் பேசவென்றே, 2014இல் மத்திய அரசு தொடங்கிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டத்தில் தனி கிளினிக்குகள் இருக்கின்றன, ஆண் பிள்ளைகளும் போகலாம்.

சரி, கர்ப்பம் என்றால்? 18 வயதுக்குக் கீழ் உள்ளவரோடு உறவு என்பதே போக்சோவில் குற்றம், அதனால் அப்போது தகவல் சொல்லும் கடமை டாக்டருக்கு உண்டு, இந்த உண்மையை மறைப்பதற்கில்லை. ஆனால் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் பெயர், அடையாளம் எதையும் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று சொல்லிவிட்டது. 18 வயதுக்குட்பட்டவருக்குக் கருக்கலைப்பு செய்யப் பாதுகாவலரின் எழுத்துச் சம்மதம் வேண்டும், சட்டம் 24 வாரம் வரை இடம் தருகிறது. பயந்துபோய் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், ரத்தப்போக்கு நிற்காமல் உயிருக்கே ஆபத்தாகலாம்.